ரைபிளுக்கு எந்தத் தோட்டா? வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் ஒரு தொடக்க விளக்கம்

ரைபிள் வாங்க வேண்டும் என்று முதன்முதலாக எண்ணுகிறவர் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி, எந்த நிறுவனம், குறிபார்க்க எந்த ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி) என்றுதான் விசாரிக்கத் தொடங்குகிறார். குழலை விட்டு வெளியேறி இலக்கைச் சென்று தொடுவதோ, தோட்டாவின் நுனியில் இருக்கும் சில கிராம் எடையுள்ள குண்டு மட்டும்தான். எந்தத் தோட்டா என்பது முடிவாகிவிட்டால் துப்பாக்கியின் எடை, குழலின் நீளம், பயிற்சிக்கு ஆகும் செலவு, தோளில் விழும் அடி ஆகியவற்றில் பாதி தாமாகவே முடிவாகிவிடும். ஆகவே தோட்டாவிலிருந்து தொடங்குவதே முறை. கையில் எடுத்த வேலையைக் குறையின்றி முடிக்கக்கூடிய தோட்டாக்கள் எப்போதும் பல இருக்கும். அவற்றுள் மிக மென்மையானதே தொடக்கநிலையாளருக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கு வந்த வழியைப் படிப்படியாக விளக்குகிறேன்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் தோட்டா, குண்டு, ரவை என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இக்கட்டுரையில் தோட்டா என்பது துப்பாக்கிக்குள் இடப்படும் முழுப் பொருளைக் குறிக்கும். குண்டு என்பது அதன் நுனியில் செருகப்பட்டு, சுடும்போது பறந்து செல்லும் உலோகத் துண்டை மட்டும் குறிக்கும். ஒரு தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுதான் முதலில் கண்ணில் படும். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பினால், நடுவில் சிறு வட்டமாகப் பதிந்திருப்பது பிரைமர். அதைச் சுற்றித் தயாரித்த நிறுவனத்தின் குறியும் தோட்டாவின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். கூட்டுக்குள் புகையற்ற வெடிமருந்து குருணை குருணையாகக் கிடக்கிறது. விசையை அழுத்தும்போது தட்டூசி பிரைமரை இடிக்கிறது. பிரைமரின் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. எரிந்த மருந்து வாயுவாகி, அதன் அழுத்தம் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது.

அந்த அழுத்தம் சாதாரணமானதன்று. .308 வின்செஸ்டர் என்னும் நடுத்தரத் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட மேல்வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,200 மடங்கு. அந்தக் கணத்தில் பித்தளைக் கூடு பெருத்து, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறமாகக் கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கி வெளியே எடுக்க இடம் கொடுக்கிறது. கூடும் அறையும் அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்த வேண்டியதன் காரணம் இதுவே. ஒரு துப்பாக்கிக்கு ஒரு தோட்டா என்ற கட்டுப்பாடும் இங்கிருந்தே பிறக்கிறது.

பிரைமர் நடுவில் இல்லாமல், தீப்பற்றும் கலவை கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும் வகையும் உண்டு. 1887-இல் வந்து இன்றுவரை உலகெங்கும் சுடப்படும் .22 லாங் ரைபிள் அந்த வகையைச் சேர்ந்தது. தட்டூசி அடித்தால் நசுங்க வேண்டும் என்பதால் விளிம்பு மெல்லியதாக இருக்கிறது. மெல்லியதாக இருப்பதால் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே அந்த வகைத் தோட்டாக்கள் வலுக் குறைந்தவை, மலிவானவை, தோளை வருத்தாதவை. கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த முடியாது என்பது மட்டுமே அவற்றின் குறை.

பெயர்களில் உள்ள குழப்பம்

தோட்டாக்களின் பெயர்ப் பட்டியலை முதலில் பார்க்கிறவர் மிரண்டு போவதில் வியப்பில்லை, ஏனெனில் அவற்றுக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. வின்செஸ்டர், ரெமிங்டன் என்பவை அத்தோட்டாக்களை அறிமுகப்படுத்திய நிறுவனங்களின் பெயர்கள். .308 வின்செஸ்டர் என்பதில் உள்ள எண் குண்டின் விட்டம், அங்குலத்தில். அதே முறையில் .270 வின்செஸ்டரின் குண்டு .270 அங்குலம் இருக்கும் என்று நினைத்தால் தவறு, அது.277 அங்குலம். .223 ரெமிங்டனின் குண்டு .224 அங்குலம். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்பதில் 30 என்பது குழலின் அளவு, 06 என்பது அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்ட 1906-ஆம் ஆண்டு. ஆனால் 1895-இல் வந்த .30-30 வின்செஸ்டரில் இரண்டாவது 30 ஆண்டைக் குறிப்பதில்லை. அது தொடக்கத்தில் இடப்பட்ட மருந்தின் எடை. ஐரோப்பிய முறை இவற்றைவிடத் தெளிவானது: 6.5×55 என்றால் முதல் எண் குழலின் அளவு, இரண்டாவது எண் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில்.

எடையைக் குறிப்பதற்குக் கிரெய்ன் என்னும் பழைய அலகு இன்றும் வழங்குகிறது. ஒரு கிராமில் ஏறத்தாழ 15.4 கிரெய்ன் உண்டு. 150 கிரெய்ன் குண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது 10 கிராமுக்குச் சற்றே குறைவு என்று மனத்தில் கொண்டால் போதும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பெயரைக் கண்டதும் குண்டின் விட்டம் என்ன, எடை என்ன, வேகம் என்ன என்ற மூன்றையும் கேட்டு அறியும் பழக்கம் வந்துவிட்டால் பெயர் எதுவாக இருந்தாலும் ஏமாற மாட்டோம்.

ஆற்றலும் அதற்குத் தோள் தரும் விலையும்

பறக்கும் குண்டின் ஆற்றல், அதன் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிவருவது என்று பள்ளியில் படித்திருப்போம். 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் எடையுள்ள .22 லாங் ரைபிள் குண்டு நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுக் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல். 55 கிரெய்ன் எடையுள்ள .223 ரெமிங்டன் குண்டு நொடிக்கு 990 மீட்டர் வரை செல்வதால், எடை அதிகம் கூடாமலேயே ஆற்றல் 1,700 ஜூலைத் தாண்டிவிடுகிறது. 150 கிரெய்ன் .308 நொடிக்கு 860 மீட்டரில் 3,600 ஜூலையும், மேக்னம் எனப்படும், மருந்து மிகுதியாகக் கொள்ளும் வகையைச் சேர்ந்த 180 கிரெய்ன் .300 வின்செஸ்டர் மேக்னம் நொடிக்கு 900 மீட்டரில் 4,700 ஜூலையும் ஒட்டி வருகின்றன.

இந்த எண்களைப் பார்த்தவுடன் பெரியதை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் போதும் என்று தோன்றும். ஆனால் குண்டும் எரிந்த வாயுவும் முன்னே செல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வருகிறது; அதைத் தாங்குவது சுடுகிறவரின் தோள். மூன்றரைக் கிலோ எடையுள்ள ஒரே மாதிரியான துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டால், பின்னுதைப்பின் ஆற்றல் .243 வின்செஸ்டரில் தோராயமாக 12 ஜூலாகவும், .308-இல் 20 ஜூலாகவும், .300 மேக்னத்தில் 40 ஜூலுக்கு அருகிலும் இருக்கும். குண்டின் ஆற்றல் .308-க்கும் மேக்னத்துக்கும் இடையே மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. உதையோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. இந்தப் பேரம் தொடக்கநிலையாளருக்குக் கட்டுப்படியாகாது.

வலியைவிடக் கேடானது அந்த வலியை எதிர்பார்ப்பது. உதை வரப்போகிறது என்று உடல் அறிந்துகொண்டால், விசை விடுபடும் முன்பே கண் மூடும், தோள் முன்னே தள்ளும், கை குழலைக் கீழே அழுத்தும். சுடுகிறவர் இதைத் தாமாக உணர்வதே இல்லை. பயிற்சித் திடலில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: சுடுகிறவர் அறியாமல், உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைத் துணைக்கு நிற்பவர் இட்டுக்கொடுப்பார். முதல் இரண்டு முறை வெடிக்கும். மூன்றாவது முறை வெறும் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வரும். ஆனால் குழலின் நுனி ஒரு விரற்கடை கீழே குனிந்து எழும். நான் பார்த்தபோது, பெரிய மேக்னத்தோடு வந்திருந்த ஒருவர் அந்தக் குனிவைத் தம் கண்ணாலேயே கண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். அவரிடம் .22 ஒன்றைக் கொடுத்தபோது அதே கை, அதே கண், ஐந்து குண்டுகளையும் ஒரு நாணயத்தின் அகலத்துக்குள் வைத்தது. அவருடைய குறி தவறவில்லை, அவர் தேர்ந்த தோட்டாதான் தவறியது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை

குழலை விட்ட கணத்திலிருந்தே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. .308 குண்டு 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி ஆகிறது. கையிலிருந்து நழுவிய எந்தப் பொருளும் அந்த 0.4 நொடியில் முக்கால் மீட்டருக்கு மேல் விழுந்திருக்கும், குண்டும் அவ்வாறே. ஆகவே குழலைச் சற்று மேல்நோக்கி வைத்து, குண்டு ஒரு வில்போல எழுந்து தாழ்ந்து இலக்கை அடையும்படி ஸ்கோப்பைத் திருத்துகிறோம். 100 மீட்டருக்குத் திருத்தப்பட்ட அத்தகைய துப்பாக்கி 300 மீட்டரில் குறிவைத்த இடத்துக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே அடிக்கும். வேகமான தோட்டாவின் பாதை தட்டையாக இருப்பதால், தூரத்தைக் கணிப்பதில் செய்யும் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு வேகம் பயனுள்ளதே.

தூரத்தை அளக்கும் கருவிகள் கிடைக்கும் காலத்தில் வீழ்ச்சியைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. வீழ்ச்சி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. காற்றோ நொடிக்கு நொடி மாறுகிறது. இங்கே முக்கியமாவது குண்டின் வடிவம். ஒல்லியாகவும் நீளமாகவும் கூர்மையாகவும் உள்ள குண்டு காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும். அத்திறனைக் குறிக்கும் எண்ணைப் பெட்டியின்மீது பல நிறுவனங்கள் அச்சிடுகின்றன, அது கூடக் கூட நல்லது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசினால், 300 மீட்டரில் 150 கிரெய்ன் .308 வேட்டைக் குண்டு ஒரு சாண் அளவுக்கு, அதாவது 20 சென்டிமீட்டர் போல விலகும். 6.5 கிரீட்மோர் தோட்டாவின் 140 கிரெய்ன் போட்டிக் குண்டு, கிளம்பும் வேகத்தில் அதைவிடச் சற்றுக் குறைந்ததாயினும், பன்னிரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் விலகும். உதையும் குறைவு. 2007-இல் உருவாக்கப்பட்ட இத்தோட்டா இவ்வளவு விரைவாகப் பரவியதன் காரணம் விளம்பரம் மட்டுமன்று என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. எனினும் 1894-லேயே சுவீடனும் நார்வேயும் சேர்ந்து உருவாக்கிய 6.5×55 இதே விட்டமுள்ள நீண்ட குண்டைக்கொண்டு இதே பண்பைக் காட்டிவந்தது என்பதையும் நினைவில் வைப்பது நியாயம்.

வேகம் கூடினால் காற்றின் தொல்லை குறையும் என்பது எப்போதும் உண்மையாகிவிடாது. .22 லாங் ரைபிளில் அதிவேக வகை, நிதான வகை என இரண்டும் கிடைக்கின்றன. அதிவேகக் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்புகிறது; அந்த எல்லையை ஒட்டிய வேகங்களில் காற்றின் எதிர்ப்பு திடீரென மிகுவதால், அது மிகுந்த வேகத்தை மிகக் குறுகிய தூரத்தில் இழக்கிறது. காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும் என்பது, குண்டு காற்றில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைவிட, வழியில் எவ்வளவு தாமதப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆதலால் வேகமாகக் கிளம்பிய .22 குண்டு, நிதானமாகக் கிளம்பிய குண்டைவிட அதிகமாக விலகுகிறது. போட்டிகளில் சுடப்படும் .22 தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே வைக்கப்படுவது இந்தக் காரணத்தாலும், ஒலியெல்லையைக் கடக்கும்போது குண்டுக்கு நேரும் தடுமாற்றத்தைத் தவிர்ப்பதற்காகவும்தான். எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த உண்மை இது.

இலக்குப் பயிற்சிக்கு

காகித இலக்கைத் துளைக்க ஆற்றல் வேண்டியதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும் ஒழுங்கு வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைபிள் போட்டி .22 லாங் ரைபிளில்தான் நடைபெறுகிறது. அந்த இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தின் அகலம். நொடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்று 50 மீட்டருக்குள் அக்குண்டை 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும் என்பதைச் சேர்த்து எண்ணினால், இத்தனை சிறிய தோட்டா எவ்வளவு பெரிய ஆசிரியர் என்பது விளங்கும். காற்றைப் படிப்பதையும் மூச்சை அடக்குவதையும் விசையை அழுத்துவதையும் ஒருவர் தோளில் காயமின்றிக் கற்கக்கூடிய இடம் இதுவே. முதல் துப்பாக்கி எது என்று என்னைக் கேட்கும் எவருக்கும், அவர் பின்னால் எதைச் சுட விரும்பினாலும், .22-இலேயே சில ஆயிரம் தோட்டாக்களைச் செலவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

100 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரை பயிற்சி செய்ய .223 ரெமிங்டன் மிகப் பொருத்தமானது. உதை மிகக் குறைவு. தோட்டாக்கள் பரவலாகக் கிடைப்பவை. அதற்கு மேல் 6.5 கிரீட்மோரும் .308-உம் வருகின்றன. இவ்விரண்டில் கிரீட்மோர் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் குழல் விரைவில் தேயும். குழலின் தொடக்கப் பகுதியைச் சூடான வாயு அரித்துக்கொண்டே இருப்பதால், சிறிய துளைவழியே நிறைய மருந்தை எரிக்கும் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் இத்தேய்மானம் மிகுதி. .308 குழல் ஐயாயிரம் தோட்டா அளவுக்கு நல்ல துல்லியத்தோடு உழைப்பது வழக்கம். கிரீட்மோரில் அதில் பாதியை எதிர்பார்க்கலாம். பெரிய மேக்னங்களில் அதைவிடவும் குறைவு. வாரந்தோறும் திடலுக்குச் செல்பவருக்கு இது செலவுக் கணக்கில் சேரும்.

வேட்டைக்கு

இங்கே கேள்வியே மாறிவிடுகிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிய அனுமதியோடு ஓர் உயிரைக் கொல்ல முடிவெடுத்தவருக்கு, அது நொடிகளில், துன்பமின்றி நிகழ வேண்டும் என்ற கடமை இருக்கிறது. அதைத் தீர்மானிப்பவை மூன்று: குண்டு இதயமும் நுரையீரலும் உள்ள மார்புப் பகுதியில் படுவது, அங்கே போதுமான ஆழம் செல்வது, சென்ற வழியில் போதுமான அகலத்துக்குத் திறப்பது. முதலாவது சுடுகிறவரைப் பொறுத்தது. மற்ற இரண்டும், பலர் நினைப்பது போலத் தோட்டாவின் பெயரைவிட, குண்டின் கட்டமைப்பையே பொறுத்தவை.

முழுதும் செம்பு உறையிட்ட குண்டு விரியாமல் ஊசிபோலத் துளைத்துச் செல்லும். விலங்கு காயத்தோடு நெடுந்தூரம் ஓடி மறைந்து சாகும். ஆகவே வேட்டைக்கு அது ஆகாது. பல நாடுகளில் சட்டமும் அதைத் தடுக்கிறது. நுனியில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டு, உடலில் நுழைந்ததும் காளான்போல விரிகிறது. ஆனால் மிக வேகமாகச் சென்று தடித்த தோளெலும்பில் மோதினால் சாதாரண மென்முனைக் குண்டு மேற்பரப்பிலேயே சிதறிப்போகக்கூடும். 1946-இல் கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானை ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்க வேட்டைக்காரர் சுட்டபோது நேர்ந்தது அதுதான். குண்டுகள் உள்ளே செல்லாமல் உடைந்தன. அவர் அதன்பின் குண்டின் நடுவே செம்பினால் ஒரு குறுக்குச் சுவர் வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் ஆழச் செல்லவும் வழிசெய்து, 1948 முதல் அதை விற்கத் தொடங்கினார். இன்று ஈயத்தை உறையோடு பிணைத்த குண்டுகளும், ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளும் அதே சிக்கலுக்கான வேறு விடைகளாகக் கிடைக்கின்றன. வேட்டையில் எஞ்சும் உடற்பகுதிகளை உண்ணும் பறவைகளுக்கு ஈயத் துகள் நஞ்சாவதால், ஈயத்தை விலக்கும் சட்டங்களும் பெருகிவருகின்றன. கலிபோர்னியாவில் 2019 சூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளே கூடாது.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டிக்கான குண்டுகளின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கும். அதைக் கண்டு அவை விரியும் வகை என்று எண்ணிவிடக் கூடாது. உறையை அடியிலிருந்து நுனிநோக்கி இழுத்துச் செய்யும் முறையின் மிச்சமே அத்துளை. உடலில் அக்குண்டு சிதறினாலும் சிதறும், விரியாமலே கடந்தாலும் கடக்கும். காகிதத்தில் அது காட்டும் அழகில் மயங்கி வேட்டைக்கு எடுத்துச் செல்வது விலங்குக்குச் செய்யும் கொடுமை.

அளவைப் பொறுத்தவரை சட்டமே ஓர் அடித்தளம் போட்டுத் தருகிறது. செர்மனியில் ரோ மான் என்னும் சிறு மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் எஞ்சியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குளம்புள்ள விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான மான்களுக்கு .240 அங்குலமும் குழல்வாயில் 1,700 அடி-பவுண்டும், அதாவது ஏறத்தாழ 2,300 ஜூலும் வேண்டும். வேட்டை முற்றிலுமாகத் தடுக்கப்பட்ட நாடுகளும் உண்டு. அங்கே இப்பகுதி முழுவதும் வெறும் அறிவுக்காகத்தான்.

முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு 50 மீட்டருக்குள் .22 போதும். நரி அளவுக்கு .223. சிறிய, நடுத்தர மான்களுக்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7 மி.மீ-08 ரெமிங்டன் ஆகிய மூன்றில் எதுவும் குறைபடாது. காட்டுப்பன்றிக்கும் பெரிய மான்களுக்கும் .270, .308, .30-06 ஆகியவை தலைமுறைகளாகப் பழகியவை. .30-06-இன் கூடு 63 மில்லிமீட்டர், .308-இன் கூடு 51 மில்லிமீட்டர். வெடிமருந்து மேம்பட்டதால் 1952-இல் வந்த சிறிய கூடு பழைய பெரிய கூட்டின் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடுகிறது. ஆகவே இரண்டில் ஒன்று என்றால் நான் .308-ஐச் சொல்வேன். ஒரு மானின் மார்பில் உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், அதற்கேற்பத் திருத்திய .308 ரைபிளால் சுமார் 250 மீட்டர் வரை நடுவில் குறிவைத்தாலே குண்டு அப்பகுதிக்குள் விழும். அதற்கப்பால் சுட வேண்டுமானால் பெரிய தோட்டாவைத் தேடுவதைவிட நூறு அடி அருகே நகர்வதே வேட்டைக்காரருக்கு அழகு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, குண்டு படும் இடம் சரியாக இருந்தால் எந்தத் தோட்டாவும் போதும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வால்டர் பெல் என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை, பெரும்பாலும் 7×57 மாசர் என்னும் மெல்லிய தோட்டாவைக்கொண்டே கொன்றார் என்பதைச் சான்று காட்டுவார்கள். நினைத்தாலே மனம் கூசும் கணக்கு அது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று கற்ற ஒருவரின் செயலை, முதல் ஆண்டு வேட்டைக்காரர் தமக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரிய, ஆபத்தான விலங்குகளுக்கு .375 விட்டத்துக்குக் குறையக் கூடாது என்று விதி உள்ளது.

குழலின் முறுக்கு

குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றி, பம்பரம்போல நிலைநிறுத்துகின்றன. எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்பதே முறுக்கின் அளவு. நீண்ட, கனமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். இதை அலட்சியம் செய்ததால் ஒரு தோட்டாவே வீழ்ந்த கதை உண்டு. 1955-இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒரே சமயத்தில் வந்தன. இரண்டின் குண்டும் ஒரே விட்டம். வின்செஸ்டர் குழல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மான் வேட்டைக்கேற்ற 100 கிரெய்ன் குண்டை அது நன்றாகச் சுழற்றியது. ரெமிங்டன், சிறு விலங்குகளுக்கான இலேசான குண்டுகளை மனத்தில் வைத்து 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று அமைத்தது. 100 கிரெய்ன் குண்டை அதனால் நிலைநிறுத்த இயலவில்லை. மக்கள் ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் நடக்க வேண்டும் என்று விரும்பினார்கள்; .243-ஐ வாங்கினார்கள். 1963-இல் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக மாற்றி, 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. துப்பாக்கி வாங்கும்போது குழலில் பொறித்த முறுக்களவைக் கேட்பதும், சுட விரும்பும் குண்டின் எடைக்கு அது பொருந்துமா என்று பார்ப்பதும் அதனால்தான். .223-இல் இது இன்னும் முக்கியம்: 12 அங்குல முறுக்கு 55 கிரெய்னுக்கு ஏற்றது, 77 கிரெய்ன் போட்டிக் குண்டுக்கு 8 அல்லது 7 அங்குலம் வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் முன்

அறைக்குள் நுழைகிற தோட்டாவெல்லாம் அந்த அறைக்கு உரியதன்று. .300 பிளாக்அவுட் என்னும் தோட்டா .223-இன் கூட்டிலிருந்தே செய்யப்பட்டது; .223 துப்பாக்கியின் அறைக்குள் அது புகுந்துவிடும் ஆபத்து உண்டு. சுட்டால், .308 அங்குலக் குண்டு .224 அங்குலக் குழலுக்குள் போக வழியின்றி அடைபட்டு, துப்பாக்கியே வெடித்துச் சிதறும். 5.56×45 படைத்தோட்டாவும் .223-உம் பார்வைக்கு ஒன்றே, ஆனால்.223-க்கு மட்டும் செய்த அறையில் 5.56-ஐச் சுட்டால் அழுத்தம் வரம்பு மீறலாம். குழலில் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வகைத் தோட்டாக்களை ஒரே மேசையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

தோட்டாவைத் தேர்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஒரே .308 என்றாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு குண்டு பிடிக்கும். காரணத்தை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றில்லாத காலை நேரத்தில், மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கவைத்து, 100 மீட்டரில் வகைக்கு ஐந்து ஐந்தாகச் சுட வேண்டும். குழல் சூடேறினால் குண்டு இடம் மாறும் என்பதால் ஒவ்வொரு ஐந்துக்கும் இடையே குழலை ஆறவிட வேண்டும். ஐந்து துளைகளில் மிகவும் விலகிய இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் வேட்டைக்குத் தாராளமாகப் போதும். எந்தப் பெட்டி அப்படி அமைந்ததோ அதன் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே தொகுதியில் கிடைக்கும்வரை வாங்கி, அதற்கே ஸ்கோப்பைத் திருத்தி, அடுத்த பெட்டியைத் திறக்கும் நாளில் இரண்டு குண்டுகளைச் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.